அலமாரியை விட்டு இறங்கிய கலைக்களஞ்சியம்

அறிவை விற்பதும் அறிவு எழுதப்பெற்ற தாளை விற்பதும் ஒன்றுதானா? இவ்வினா இன்று நேற்றுத் தோன்றியதன்று. அப்பாஸியர் ஆட்சியில் பக்தாத் நகரில் ‘வர்ராக்’ என்று அழைக்கப்பட்ட வாணிகர்கள் இருந்தார்கள். தாள் விற்பது, நூலைப் படியெடுப்பது, ஏடுகளைச் சேர்த்துத் தைத்துக் கட்டுவது, கட்டிய நூலை விற்பது ஆகிய அனைத்தும் அவர்களுடைய தொழிலே. ஹிஜ்ரி மூன்றாம் நூற்றாண்டில் வாழ்ந்த யஃகூபி, அந்நகரில் இத்தகைய கடைகள் நூற்றுக்கு மேல் இருந்தனவென்று எழுதி வைத்திருக்கிறார். ‘அல்ஃபிஹ்ரிஸ்த்’ என்னும் பெரும் நூற்பட்டியலை ஹிஜ்ரி 377இல் (கி.பி. 987) தொகுத்தளித்த இப்னுந் நதீம் அத்தொழிலினரே. ‘முஃஜமுல் புல்தான்’ என்னும் புவியியல் அகராதியை ஆக்கிய யாகூத் அல்ஹமவீ, அடிமையாக வாழ்வைத் தொடங்கி, விடுதலை பெற்ற பின் நூல்களைப் படியெடுத்தும் விற்றும் பிழைத்தவர். அல்ஜாஹிழ், வர்ராக்குகளின் கடைகளை இரவு நேரத்திற்கு வாடகைக்குப் பிடித்து, விடியும்வரை அங்கேயே தங்கிப் படிப்பாராம். விலை கொடுத்து நூலை எடுத்துச் செல்லாமல், படிக்கும் நேரத்தை மட்டும் விலைக்கு வாங்கிய மனிதர் அவர்.

அந்தக் கடைகளில் கேட்கப்பட்ட விலை எதற்குரிய விலை? தாளுக்கு, மைக்கு, எழுதிய கையின் உழைப்புக்கு. நூலாசிரியனுக்கு அதில் பங்கில்லை. நூலில் உள்ள இல்முக்கும் அதில் விலையில்லை. இல்மு, ஆசிரியரின் முன் அமர்ந்து ஓதிக் கேட்டு, ‘இஜாஸத்’ பெற்று அடையவேண்டிய ஒன்றாக இருந்தது. ஆசிரியரிடம் ஓதி ஒப்பு நோக்கப்பட்ட படிக்கு மதிப்பு மிகுதி. ஒப்பு நோக்கப்படாத படி எவ்வளவு அழகிய கையெழுத்தில் இருந்தாலும் மதிப்புக் குறைவு. பொருள் வேறு, அது குடியிருக்கும் உடல் வேறு என்னும் தெளிவு அவர்களுக்கு இருந்தது.

அச்சு வந்தபின் இத்தெளிவு மங்கிற்று. நூலின் உடலையே நூல் என்று எண்ணும் வழக்கம் வேரூன்றியது. விற்பவரும் அப்படியே எண்ணினர். வாங்குபவரும் அப்படியே எண்ணினர். அந்த எண்ணத்தின் பேரில் இரு நூற்றாண்டுகளுக்கு மேல் செழித்தோங்கி, அது பொய்யென்று வெளிப்பட்ட சில ஆண்டுகளுக்குள்ளேயே தடுமாறிப் போன ஒரு நிறுவனத்தின் வரலாற்றை ஈண்டுச் சொல்லலாம். அதுவே ‘என்சைக்ளோபீடியா பிரிட்டானிகா’.

ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் காலின் மக்ஃபார்குவர் என்னும் அச்சகத்தாரும், ஆண்ட்ரூ பெல் என்னும் செப்புத் தகட்டுச் சித்திர வினைஞரும் கூட்டுச் சேர்ந்து 1768இல் இம்முயற்சியைத் தொடங்கினர். தொகுப்பாசிரியராக அமர்த்தப்பட்டவர் வில்லியம் ஸ்மெல்லி. அப்போது அவருக்கு வயது இருபத்தெட்டு. பேசப்பட்ட ஊதியம் 200 பவுன். நூல் முழுவதையும் அச்சிட்டு முடித்துவிட்டு விற்பதற்கு அவர்களிடம் முதல் இல்லை. ஆகவே வாரந்தோறும் ஒரு சிறு பகுதியாக அச்சிட்டுச் சந்தாதாரர்களுக்கு அளித்தனர். சாதாரணத் தாளில் அச்சிட்ட பகுதிக்கு ஆறு பென்னி; உயர்ந்த தாளில் அச்சிட்டதற்கு எட்டுப் பென்னி. சொற்கள் இரண்டிலும் ஒன்றே. தாளுக்காக மட்டுமே இரண்டு பென்னி மிகுதி. நூறு பகுதிகள் 1771இல் நிறைவுற்று மூன்று தொகுதிகளாயின. முதல் தொகுதி முழுவதையும் ஆங்கில அரிச்சுவடியின் முதல் இரண்டு எழுத்துகளே நிரப்பிவிட்டன. மூன்றாம் தொகுதியிலோ கடைசிப் பதினான்கு எழுத்துகளையும் திணித்து அடக்கவேண்டியதாயிற்று. வாரந்தோறும் எதையாவது கொடுத்தாகவேண்டும் என்ற நெருக்கடியில் எழுதப்பட்ட நூலின் அங்கலட்சணம் வேறெப்படி இருக்கும்! விற்பனை முறை நூலின் அமைப்பையே வளைத்துவிடும் என்பதற்கு அது முதற்சான்று. ஏறத்தாழ மூவாயிரம் படிகள் விற்றன.

பதிப்புகள் வளர்ந்தன. இரண்டாம் பதிப்பு பத்துத் தொகுதி. 1797இல் முடிந்த மூன்றாம் பதிப்பு பதினெட்டுத் தொகுதி. அதனை ஃபிலடெல்ஃபியாவில் தாமஸ் டாப்ஸன் என்பவர் உரிமை கேளாமலே தம் பெயரில் அச்சிட்டு விற்றார். வெளிநாட்டு நூலுக்கு அன்றைய அமெரிக்கச் சட்டத்தில் பாதுகாப்பில்லை. களவாய் அச்சிடுவதென்பது கணினியோடு பிறந்த தீமை என்று இன்று சிலர் எண்ணுகின்றனர். அச்சகமுள்ள ஊரெல்லாம் அது இருந்தது.

1889இல் நிறைவெய்திய ஒன்பதாம் பதிப்பு இருபத்தைந்து தொகுதிகளைக் கொண்டது; அறிஞர் உலகில் பெரும் புகழ் பெற்றது. ஆயின் அதன் விலை சாதாரணக் குடும்பத்திற்கு எட்டாதது. இங்கேதான் ஹொரேஸ் ஹூப்பர் என்னும் அமெரிக்க வாணிகர் வரலாற்றில் நுழைகிறார். லண்டன் ‘டைம்ஸ்’ நாளிதழ் அந்நாளில் பண முடையில் இருந்தது. அதனோடு உடன்படிக்கை செய்துகொண்டு, 1898இல் அப்பழைய பதிப்பையே மீண்டும் அச்சிட்டு, முன்னைய விலையில் பாதிக்கும் குறைவாக, சிறு முன்பணமும் மாதத் தவணையும் பெற்றுக்கொண்டு விற்றார். பத்தாண்டுக்கு முன் முடிந்த நூல். சில கட்டுரைகள் இருபது ஆண்டுக்கும் மேற்பட்ட பழமையுடையவை. ஆனாலும் ஆயிரக்கணக்கில் விலை போயிற்று. (தவணை விலை ரொக்க விலையினும் மிகுந்திருத்தல் பற்றி நம் ஃபிக்ஹு நூல்களில் விரிவான பேச்சு உண்டு, அதை இங்கே திறந்தால் கட்டுரை திசைமாறும்.)

ஹூப்பர் கண்டுகொண்ட உண்மை இதுவே: கலைக்களஞ்சியத்தை யாரும் தாமாகக் கடைக்குப் போய் வாங்குவதில்லை, அதனை வாங்கவைக்க வேண்டும். பின்வந்த நூறாண்டு வாணிபம் முழுவதும் இவ்வொரு கருத்தின் மேல் எழுந்தது. 1910-11இல் இருபத்தொன்பது தொகுதிகளாக வெளிவந்த பதினொன்றாம் பதிப்பு, ‘இந்தியா பேப்பர்’ எனப்பட்ட மெல்லிய, ஆனால் எழுத்து மறுபுறம் தெரியாத தாளிலும் அச்சாயிற்று. தடித்த தாளில் இரண்டு மூன்று விரற்கடைப் பருமனாயிருந்த தொகுதி, மெல்லிய தாளில் ஓர் அங்குல அளவுக்கு ஒடுங்கிற்று. ஒரே பொருள், வேறு உடல், வேறு விலை. எட்டுப் பென்னித் தாளின் கதையே மறுபடியும்.

1920இல் இவ்வுரிமை சிகாகோவிலுள்ள ‘சியர்ஸ் ரோபக்’ என்னும் அஞ்சல்வழி வாணிக நிறுவனத்தின் கைக்குப் போயிற்று. நாற்பதுகளில் வில்லியம் பென்டனிடம் வந்தது. சிகாகோ பல்கலைக்கழகத்தோடும் தொடர்பு ஏற்பட்டது. வீட்டுக்கு வீடு சென்று கதவைத் தட்டி விற்கும் விற்பனையாளர் படை இக்காலத்திலே பெருகிற்று.

அப்படையைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்லவேண்டும். விற்பனையாளர் நூலைப் பற்றி மிகுதியாகப் பேசுவதில்லை. குழந்தைகளைப் பற்றியே பேசுவார். ‘உங்கள் பிள்ளை படிக்கவேண்டாமா? பிற பிள்ளைகளுக்குப் பின்தங்கிப் போகலாமா?’ என்பதே அவர் பேச்சின் சாரம். தாய் தந்தையரின் நெஞ்சில் எப்போதும் உறையும் அச்சத்தைத் தொட்டுவிட்டால் ஆயிரம் டாலர் பெரிதாகத் தோன்றாது; அதுவும் தவணையில். இம்முறை வரம்பு கடந்ததும் உண்டு. ஏதோ விளம்பர ஆராய்ச்சிக்காகக் கேள்வி கேட்க வந்தவர் போல வீட்டினுள் நுழைந்து, பிறகு விற்பனையில் இறங்குவதாக எழுந்த குற்றச்சாட்டை அமெரிக்கக் கூட்டரசின் வாணிக ஆணையம் விசாரித்தது. விற்கவே வந்திருக்கிறேன் என்று அச்சிட்ட அட்டையை வீட்டினுள் நுழையுமுன்பே காட்டவேண்டும் என்று 1976இல் ஆணையிட்டது. மேல்முறையீட்டிலும் 1979இல் அவ்வாணை நிலைபெற்றது.

வாங்கிய இல்லங்களில் அந்நூல் என்ன ஆயிற்று? கூடத்து அலமாரியில் பொன்னெழுத்து முதுகுகள் வரிசையாய் நின்று வருவோர்க்கு அறிவித்தன, இது கல்வியை மதிக்கும் வீடு என்று. அதைக் கேலி செய்வது எளிது. எனினும் நான் கேலி செய்ய மாட்டேன். நம் இல்லங்களிலும் பட்டுத் துணியில் பொதிந்து உயரத்தில் வைத்த நூல்கள் உண்டு. திறக்கப்படாத நாளிலும் அவை பிள்ளைகளுக்கு ஏதோ ஒன்றைச் சொல்லிக்கொண்டே இருக்கின்றன. கண்ணில் படும் நூலுக்கு ஓர் அதிகாரம் உண்டு. என்றோ ஒரு மழை நாளில் சிறுவன் ஒரு தொகுதியை இழுத்து விரிக்கிறான். தேடியதை விட்டுவிட்டுப் பக்கத்துத் தலைப்பில் மூழ்கிவிடுகிறான். இப்பயன் எந்தக் கணக்கிலும் ஏறாதது.

ஆனாலும் அச்சு உடலுக்குரிய குறைகள் மூன்று அந்த நூலை விடாமல் தொடர்ந்தன: பழமையடைதல், தேட அருமை, பாரம். பழமைக்கு மருந்தாக 1938 முதல் ஆண்டுக்கொரு துணைநூல் வெளியிட்டு அதையும் விற்றார்கள். தேடுதற்காக 1974இல் பதினைந்தாம் பதிப்பை முற்றிலும் புதுமுறையில் அமைத்தார்கள். அறிவின் வரைபடமாக ஒரு தொகுதி, சிறு கட்டுரைகளுக்குப் பத்துத் தொகுதி, பெருங்கட்டுரைகளுக்குப் பத்தொன்பது தொகுதி என முப்பது. தனியாக அகரவரிசைச் சுட்டு வேண்டாம் என்று துணிந்தார்கள், வாசகர் திண்டாடினர், 1985இல் இரண்டு தொகுதிச் சுட்டினைச் சேர்த்து முப்பத்திரண்டாக்கினார்கள். பேரறிஞர்கள் கூடிப் பல்லாண்டு சிந்தித்தும் தீர்க்க முடியாத அச்சிக்கலை, ஒரு சொல்லைத் தட்டினால் அது வரும் இடங்களையெல்லாம் நொடியில் காட்டும் கணினி தீர்த்துவிடப் போகிறது என்பது அப்போது யாருக்கும் முழுதாகப் புலப்படவில்லை.

புலப்பட்டவரும் இருந்தனர் என்பதே வியப்பு. எண்பதுகளின் நடுவில் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் பிரிட்டானிகாவை அணுகி, அதனைக் குறுந்தகட்டில் வெளியிட உரிமை கேட்டது. பிரிட்டானிகா மறுத்தது. கணினியுள்ள வீடுகள் அன்று மிகச் சில. தகடு வந்தால் தொகுதி விற்பனை கெடும். விற்பனையாளர் படை கலையும். இக்காரணங்களை இன்று நாம் எள்ளி நகையாடுவது நியாயமன்று. அன்றைய கணக்கேட்டை விரித்துப் பார்த்தவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் அப்படியே மறுத்திருப்பார்கள். மறுத்த பின்பும் அந்நிறுவனம் சும்மா இருந்துவிடவில்லை. தனக்குச் சொந்தமான ‘காம்ப்டன்ஸ்’ என்னும் மாணவர் கலைக்களஞ்சியத்தைப் படமும் ஒலியும் சேர்த்து 1989இல் குறுந்தகடாக வெளியிட்டது. அத்துறையில் அது முன்னோடி. ஆனால் தனியாக வாங்குவோர்க்கு அதன் விலை 895 டாலர்! கையில் அடங்கும் ஒரு தகட்டிற்கு அலமாரி நிறையும் தொகுதிகளின் விலையை வைத்தார்கள். 1993இல் அதனை வேறொரு நிறுவனத்திற்கு விற்றும் விட்டார்கள்.

அதே 1993இல் மைக்ரோசாஃப்டின் ‘என்கார்ட்டா’ வெளிவந்தது. அதன் உள்ளடக்கம் எங்கிருந்து வந்ததென்று பாருங்கள். ‘ஃபங்க் அண்ட் வாக்னல்ஸ்’ என்னும் எளிய கலைக்களஞ்சியம். அமெரிக்காவின் பலசரக்கு அங்காடிகளில், ரொட்டிக்கும் பாலுக்கும் பக்கத்தில், வாரம் ஒரு தொகுதியாக விற்கப்பட்டது. அறிஞர் உலகில் அதற்குப் பெரிய மதிப்பில்லை. அதனோடு வண்ணப்படமும் இசையும் அசையும் படமும் சேர்த்துத் தொடக்கத்தில் 395 டாலர் விலை வைத்தனர். விற்பனை மந்தமாயிருக்கக் கண்டதும் 99 டாலராக்கினர். பின்னர்ப் புதிதாய்க் கணினி வாங்குவோர்க்கு அதனோடு சேர்த்தே கிடைத்தது. பிள்ளைக்காகக் கணினி வாங்கிய தந்தை, கலைக்களஞ்சியமும் வாங்கிவிட்டதாகவே நினைத்துக்கொண்டார். பிரிட்டானிகா விற்பனையாளர் எந்த அச்சத்தை மருந்தாக விற்றாரோ அந்த அச்சத்திற்குக் கணினியே மருந்தாகிவிட்டது. இரண்டு நூல்களுக்கிடையே போட்டி நடந்ததாகப் பலர் எழுதுகிறார்கள். நடந்தது அதுவன்று, அலமாரிக்கும் கணினிக்கும் இடையே நடந்த போட்டி அது.

கணக்கைப் பார்ப்போம். 1990இல் பிரிட்டானிகா அமெரிக்காவில் 1,20,000 முழுத்தொகுதிகளை விற்றது, அதுவே உச்சம். நிறுவனத்தின் அவ்வாண்டு வருவாய் 65 கோடி டாலர் அளவில் இருந்தது; விற்பனையாளர் இரண்டாயிரத்துக்கு மேல். ஒரு முழுத்தொகுதியை அச்சிட்டுக் கட்டி அனுப்ப இருநூறு முதல் முந்நூறு டாலர். விற்பனையாளரின் தரகோ அதனினும் மிகுதி. வாங்குவோர் கொடுத்த விலை ஆயிரத்தைந்நூறுக்கு மேல். ஒரு குறுந்தகட்டைப் படியெடுக்க ஒன்றரை டாலர் போதும். அறிஞர்களுக்கும் பதிப்பாசிரியர்களுக்கும் ஆன செலவு அவ்விலையில் சிறு பங்கே என்பது இதனால் விளங்கும். நூற்பொருளை வாங்குகிறோம் என்று நம்பியவர்கள், பெரும்பாலும் தாளையும் தோலையும் கதவைத் தட்டியவரின் பேச்சையும் வாங்கிக்கொண்டிருந்தார்கள். வர்ராக்கின் கடையில் வெளிப்படையாயிருந்த கணக்கு இங்கே மறைந்திருந்தது.

1994இல் பிரிட்டானிகா தன் பெருநூலைக் குறுந்தகடாக்கியது. அப்போதும் விற்பனையாளரைப் பகைக்க மனமில்லை. தொகுதிகளை வாங்குவோர்க்குத் தகடு இலவசம்; தகட்டை மட்டும் கேட்போர்க்கு ஆயிரம் டாலரை ஒட்டிய விலை. நூறு டாலருக்குக் கிடைத்த தகட்டின் பக்கத்தில் இதை யார் வாங்குவார்? அதே ஆண்டில் இணையத்திலும் நூலை ஏற்றினார்கள். இதில் அவர்கள் உலகிற்கே முந்தியவர்கள் என்பதை மறவாமற் சொல்லவேண்டும். புதுமையை அறியாதவர்களாய் அவர்கள் விழவில்லை. எல்லாப் புதுமையையும் முதலிலேயே செய்து பார்த்தும், பழைய விலையையும் பழைய விற்பனை முறையையும் விட்டு வெளிவர முடியாமல் விழுந்தார்கள். 1996இல் ஜேக்கப் சஃப்ரா என்னும் முதலீட்டாளர் ஏறத்தாழ பதின்மூன்றரைக் கோடி டாலருக்கு நிறுவனத்தை வாங்கினார். அவ்வாண்டே வீடு வீடாய்ச் செல்லும் விற்பனையை நிறுத்தினார்கள். அவ்வாண்டில் அச்சுத் தொகுதிகள் விற்றது 40,000 அளவே.

அதன்பின் வந்தது இணையக் காலம். 1999 அக்டோபரில், விளம்பர வருவாயை நம்பி, நூல் முழுவதையும் இணையத்தில் இலவசமாகத் திறந்துவிட்டார்கள். மக்கள் வெள்ளம்போல் குவிந்ததால் தளமே சில நாள் செயலற்றுப் போயிற்று. இலவசம் என்றால் எத்தனை தாகம் வெளிப்படுகிறது! ஆனால் விளம்பரம் சோறு போடவில்லை. 2001இல் மீண்டும் சந்தா முறைக்குத் திரும்பினார்கள். அதே 2001 ஜனவரி 15இல் விக்கிப்பீடியா தொடங்கப்பெற்றது. விற்பனைப் பொருளே அல்லாத ஒரு கலைக்களஞ்சியத்தோடு விலையில் எப்படிப் போட்டியிடுவது? தரத்தில் போட்டியிடலாம் என்றார்கள். 2005 டிசம்பரில் ‘நேச்சர்’ அறிவியல் இதழ், இரண்டிலுமிருந்து 42 அறிவியல் தலைப்புகளை எடுத்து வல்லுநர்களிடம் காட்டியது. விக்கிப்பீடியாவில் 162 பிழைகளும் பிரிட்டானிகாவில் 123 பிழைகளும் குறிக்கப்பட்டன. பிரிட்டானிகா அவ்வாய்வின் முறையே தவறென்று மறுத்து எழுதியது. இதழ் தன் முடிவில் நின்றது. யார் பக்கம் நியாயம் என்பது இருக்கட்டும். முப்பத்திரண்டு தொகுதிகளின் அதிகாரத்தை, ஊதியமின்றி எழுதும் பெயரறியா மனிதர்களின் ஆக்கத்தோடு ஒரே தராசில் வைத்து நிறுத்துப் பார்க்க உலகம் துணிந்ததே, அதுதான் செய்தி. என்கார்ட்டாவும் தப்பவில்லை, 2009இல் மூடப்பட்டது.

2012 மார்ச்சில் பிரிட்டானிகா நிறுவனம் அச்சுப் பதிப்பை நிறுத்துவதாக அறிவித்தது. 2010ஆம் ஆண்டுப் பதிப்பே கடைசி: முப்பத்திரண்டு தொகுதி, 129 பவுண்டு எடை, விலை 1,395 டாலர். அச்சிட்டவை 12,000, அறிவிப்பு நாள்வரை விற்றவை 8,000, எஞ்சிய 4,000 கிடங்கில் இருந்தன. இனிக் கிடைக்காது என்று தெரிந்ததும் அவையும் விரைந்து விற்றன. அப்போது நிறுவனத்தின் வருவாயில் அச்சுத் தொகுதியின் பங்கு நூற்றில் ஒன்றுக்கும் குறைவு. பள்ளிகளுக்கான பாடப் பொருள்களும் இணையச் சந்தாவுமே அதனை வாழவைத்தன. ஆகவே நிறுவனம் அழிந்தது என்று எழுதுவோர் பிழையாக எழுதுகிறார்கள். உடல் அழிந்தது, பொருள் வேறு உடலில் வாழ்கிறது.

இத்தோடு கதை முடிந்ததென்றால் நம் பத்திரிகையில் இதனை எழுதவேண்டிய தேவையில்லை. நம் குடும்பங்களைத் தொடும் பகுதி இனித்தான் வருகிறது.

அச்சு நூலை விலைக்கு வாங்கியவர் அதற்கு மாலிக், உடைமையாளர். படிக்கலாம், இரவல் தரலாம், விற்கலாம், பிள்ளைகளுக்கு விட்டுச் செல்லலாம். வக்ஃபும் செய்யலாம். இக்கடைசிச் செய்தியில் நம் முன்னோர் நெடிய ஆய்வு செய்திருக்கிறார்கள். வக்ஃபு என்பது நிலைத்து நிற்பதற்குரியது. ஆகவே நிலமும் கட்டடமும் போல அசையாப் பொருளே அதற்கு உகந்தது, எடுத்துச் செல்லக்கூடிய பொருளை வக்ஃபு செய்யலாமா என்ற வினா ஹனஃபி மத்ஹபில் எழுந்தது. மக்கள் வழக்கில் உள்ளவற்றைச் செய்யலாம் என்று இமாம் முஹம்மத் (ரஹ்) அவர்கள் இசைந்தார்கள். முஸ்ஹஃபும் கிதாபுகளும் அவ்வழியிலேயே வக்ஃபாயின. நம் பழைய மதரஸாக்களின் அலமாரிகளில் லக்னோ, கான்பூர், பம்பாய் கல்லச்சுப் பதிப்புகளைத் திறந்தால், முதற்பக்கத்தில் ‘இன்னார் இன்ன மதரஸாவுக்கு வக்ஃபு செய்தது’ என்று மங்கிய மையில் எழுதியிருக்கக் காணலாம். எழுதியவர் மறைந்து மூன்று தலைமுறை ஆகியிருக்கும். அவர் வாங்கியது தாளாயிருந்ததால் அவரால் அதைக் கொடுக்க முடிந்தது.

மின்வடிவில் வாங்குவோர் நிலை வேறு. பெரும்பாலும் அவர் பெறுவது நூலன்று, படிக்கும் அனுமதி. ‘வாங்கு’ என்று பொத்தானில் எழுதியிருந்தாலும் உடன்படிக்கையில் வேறு எழுதியிருக்கும். 2009 ஜூலையில் அமேஸான் நிறுவனம், உரிமை பெறாத ஒருவர் விற்றுவிட்டார் என்ற காரணத்தால், வாசகர்கள் விலை கொடுத்து வாங்கித் தம் கருவியில் வைத்திருந்த ஜார்ஜ் ஆர்வெலின் இரு நாவல்களை அவர்கள் அறியாமலே தொலைவிலிருந்து அழித்துவிட்டது. பணம் திருப்பித் தரப்பட்டது. பின்னர் அந்நிறுவனமே வருத்தம் தெரிவித்தது. 2019 ஜூலையில் மைக்ரோசாஃப்ட் தன் மின்னூல் கடையை மூடியபோது, விற்ற நூல்களெல்லாம் வாசகர் கருவியிலிருந்து மறைந்தன. அங்கும் பணம் திரும்பி வந்தது. எந்த வர்ராக்கும் நள்ளிரவில் வீட்டினுள் புகுந்து, விற்ற நூலை எடுத்துக்கொண்டு காசை வைத்துவிட்டுப் போனதில்லை! படித்து முடித்த மின்னூலைப் பிறருக்கு விற்கும் தளமொன்றைப் பற்றிய வழக்கில், உரிமையாளர் இசைவின்றி அவ்வாறு விற்க இயலாதென்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2019 டிசம்பரில் தீர்ப்பளித்தது. பழைய புத்தகக் கடை என்னும் அரிய அமைப்புக்கு மின்னூல் உலகில் இடமில்லை என்றாகிறது. அக்கடைகளில் வளர்ந்த ஏழை மாணவர்கள் எத்தனை பேர்!

மறுபக்கத்தையும் சொல்லாமல் விடக்கூடாது. மின்வடிவு களவுக்கு எளிது. விலை கொடுத்து வாங்கிய தகட்டைப் பத்துப் பேருக்குப் படியெடுத்துக் கொடுப்பதை, மார்க்கக் கல்வியைப் பரப்பும் நற்செயலாகவே நம்மவருள் பலர் கருதினர். இல்முக்கு விலையேது என்பது அவர்கள் வாதம். சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாடமி 1988 டிசம்பரில் குவைத்தில் கூடிய ஐந்தாம் அமர்வில் இதற்கு விடை கூறியது. நூலாக்கம், கண்டுபிடிப்பு, வாணிகப் பெயர், சின்னம் ஆகியவற்றின் உரிமைகள் இக்கால வழக்கில் பொருள் மதிப்புடையவையாகிவிட்டன. அவை ஷரீஅத்தின்படி பேணப்பட வேண்டியவை. அவற்றில் அத்துமீறலாகாது என்பது அதன் தீர்மானம். குர்ஆன் கற்பிக்க ஊதியம் பெறுவதை முற்கால ஹனஃபி அறிஞர் தடுத்ததும், கற்பிப்போர் அருகிக் கல்வி அழியுமென அஞ்சிப் பிற்காலத்தார் அனுமதித்ததும் நாம் ஓதியறிந்தவையே. உழைப்பவர் உண்ணவேண்டும். இத்தீர்மானம் அவ்வழியிலேயே நடப்பதாக எனக்குத் தோன்றுகிறது.

அரபு நூலுலகம் இந்நெருக்கடியிலிருந்து கண்ட வழி பிரிட்டானிகாவினுடையதன்று. தொண்ணூறுகளில் ஹதீஸ் தொகுப்புகளைக் குறுந்தகட்டில் விலைக்கு விற்ற நிறுவனங்கள் பல. ‘ஸக்ர்’ வெளியிட்ட ஒன்பது நூற்களின் ஹதீஸ் களஞ்சியம் அவற்றுள் பெயர் பெற்றது. அடுத்த பத்தாண்டில் ‘அல்மக்தபத்துஷ் ஷாமிலா’ வந்தது. ஆயிரக்கணக்கான கிதாபுகள், தேடும் வசதியோடு, முற்றிலும் இலவசம். விலை கொடுத்து வாங்குவதென்றால் ஒரு வாழ்நாள் சம்பளமும் போதாத நூலகம், இன்று ஏழை மாணவரின் கைப்பேசியில் இருக்கிறது. வக்ஃபு செய்ய இயலாத வடிவம் என்று மேலே வருந்தினேனே, அவ்வடிவத்தையே சிலர் யாவர்க்கும் உரிய பொதுச் சொத்தாக ஆக்கிக் காட்டினார்கள். தமிழிலும் பெரியசாமித் தூரன் முதன்மைப் பதிப்பாசிரியராக இருந்து உருவாக்கிய பத்துத் தொகுதிக் ‘கலைக்களஞ்சிய’த்தைத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தளத்தில் யாரும் விலையின்றிப் படிக்கலாம்.

எனினும் இலவசத்திலும் ஒரு விலை ஒளிந்திருக்கிறது. பழைய பதிப்பில் ஓர் அறிஞர் பல கையெழுத்துப் படிகளை ஒப்பு நோக்கி எழுதிய அடிக்குறிப்பு, தட்டச்சில் ஏற்றியவர் கைக்கு மிகையாகத் தோன்றி விடுபட்டிருக்கலாம். ஒரு புள்ளி இடம் மாறினால் அரபியில் ஒரு பெயர் வேறு பெயராகும். அறிவிப்பாளர் வரிசையில் அது என்ன செய்யுமென்று ஹதீஸ் ஓதியவர்க்குச் சொல்லவேண்டியதில்லை. ஆகவேதான் அந்த மின்னூலகத்தைத் தொகுத்தவர்களே பல நூல்களின் முன்குறிப்பில் ‘முவாஃபிக் லில் மத்பூஃ’ என்று எழுதுகிறார்கள்: பக்க எண் அச்சுப் பதிப்போடு ஒத்தது என்று பொருள். எழுதாத நூல்களும் உண்டு. மாணவர் மேற்கோள் காட்டினால் நான் முதலில் கேட்பது, அக்குறிப்பு அந்நூலில் இருக்கிறதா என்பதே. இல்லையென்றால் அலமாரிச் சாவியை எடுத்துக் கொடுத்துவிடுவது வழக்கம். தேடுவதற்குக் கைப்பேசியில் ஒரு நொடி ஆகியிருக்கும். தூசி தட்டி, தொகுதியை இறக்கி, பக்கத்தைக் கண்டுபிடித்து ஒப்பு நோக்க அரை மணி நேரம் ஆகும்.